நோலீன் எண்ணிய மூச்சு

நோலீன் கிரிப்ஸ் பொய்யாக எண்ணினாள் என்று யாராவது என் காதுபடச் சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும். அவளைப் பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று விஷயம் தெரிந்தவர்கள் என்னையே திருப்பிக் கேட்பார்கள். கேட்கட்டும். அதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

அவள் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். கம்பளி தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், ஏழாம் மாதத்தில் ஒரு பையனைப் பெற்றாள். நுரையீரல் விரியாமல் ஒரே நாளில் போய்விட்டான். "பேர் வைக்கறதுக்குள்ள போயிட்டான்டி" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள், ஆட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

எங்கள் வைகாட்டோ மாவட்டத்தில் ஆராய்ச்சிப் பண்ணை வந்தபோது தரை துடைக்கத்தான் சேர்ந்தாள். அங்கே சினை ஆடுகளை வைத்து, பிறக்காத குட்டியின் மூச்சைப் பார்ப்பார்கள். குட்டி வயிற்றுக்குள்ளேயே மூச்சுப் பழகும். காற்று ஏது? தண்ணீர்தான். இருந்தாலும் கொஞ்ச நேரம் நெஞ்சை அசைக்கும், நிறுத்தும், மறுபடி அசைக்கும். அதன் மூச்சுக்குழாயில் மெல்லிய குழாய் வைத்து மெஷினில் மாட்டினால், பேனா முள் காகிதச் சுருளில் கோடு இழுத்துக்கொண்டே போகும். மூச்சு விட்டால் ரம்பப் பல் மாதிரி கோடு. நிறுத்தினால் நேர்கோடு. ஒருநாள் துடைப்பமும் கையுமாக நின்று பார்த்துவிட்டு, "இந்தக் குட்டிக்கு விக்கல்" என்றாள் நோலீன். படித்தவர்கள் சிரித்தார்கள். பார்த்தால் விக்கல்தான். அன்றோடு துடைப்பம் போச்சு, கையில் பென்சில் வந்தது.

பத்தொன்பது வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாள். மணிக்கு எத்தனை நிமிஷம் மூச்சு, எத்தனை நிமிஷம் சும்மா. ஆடு இருமினாலோ உதைத்தாலோ முள் துள்ளும். அந்த இடத்தில் ஓரமாக ஒரு பெருக்கல் குறி போடுவாள். ஆடு கலங்கியது, இதைக் கணக்கில் சேர்க்காதே என்று அர்த்தம். எப்போதும் பென்சில்தான். பக்கத்துக்குப் பக்கம் தன் பெயரின் முதலெழுத்தும் போடுவாள்.

நான் நைரி. கொட்டகை வேலை, தீனி, சாணம், எல்லாம் நான். ஆட்டு முதுகில் எண் போடுகிற நீல மெழுகுக் கட்டி எப்போதும் என் ஏப்ரன் பையில் கிடக்கும். யாராவது பேனா கேட்டாலும் அதைத்தான் நீட்டுவேன்.

"கல்யாணப் பதிவேட்டுலயும் இதாலதான்டி கையெழுத்துப் போட்டியா?" என்பாள் நோலீன்.

"ஆமா, அவன் முதுகுலயும் ஒரு நம்பர் போட்டேன், தொலைஞ்சு போகாம இருக்க. அப்படியும் தொலைஞ்சுட்டான்!"

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே வேலி. நான் சூடாக பான்கேக் சுட்டு அனுப்பினால் தட்டு எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வரும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

எங்கள் பெரிய விஞ்ஞானி டெஸ்மண்ட் குவாரி. எல்லோருக்கும் டெஸ். தேனொழுகப் பேசுவார். முன்கூட்டிப் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரல் முதிரத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது அப்போதே வழக்கம்தான். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய ஊசி, அதை நான் குறை சொல்லவில்லை. டெஸ் கொண்டுவந்தது வேறொரு புது ஸ்டீராய்டு. வாராவாரம் போடலாம் என்றார். அப்படிப் போட்டால் மூச்சை ஆட்டிவைக்கிற மூளை மந்தமாகிவிடாதா? அதைத்தான் பார்க்கவேண்டும். இருபத்திநாலு ஆடு. பாதிக்கு மருந்து, பாதிக்கு உப்புத்தண்ணீர். எதற்கு எது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அந்த விவரம் டெஸ்ஸின் மேஜையில், ஒட்டிய உறைக்குள்.

தெரியாவிட்டால் என்ன? நோலீன் கண்டுபிடித்துவிட்டாள். "நைரி, ஆறு குட்டி மணிக்கணக்கா மூச்சே பழகலடி. கோடு அப்படியே படுத்துக்கிடக்கு. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, தங்கைக்கு ஆபரேஷன் என்று பத்து நாள் லீவில் போனாள்.

மூன்றாம் நாள் டெஸ் கொட்டகைக்கு வந்தார், கையில் ஆறு சுருள்.

"நைரி, இந்த ஆறு ஆடும் அந்த வாரம் நிலையா இருந்த மாதிரி எனக்குத் தெரியல. கோட்டைப் பார்க்கிறவங்க கோட்டைத்தான் பார்ப்பாங்க. ஆட்டைப் பார்த்தது நீங்கதானே? உங்க கருத்து என்ன?"

பதினோரு வருஷத்தில் என் கருத்தை ஒருத்தரும் கேட்டதில்லை. நோலீன், நோலீன், நோலீன்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கலங்கித்தான் இருந்திருக்கும் என்றேன். "அப்ப ஒரு குறி போட்டுடுங்களேன்" என்றார். போட்டேன். ஓரம் நெடுகப் போட்டுக்கொண்டே போனேன். எதால் போட்டிருப்பேன்? நீலத்தால்தான்.

நோலீன் திரும்பி வந்ததும் டெஸ் அவளிடம் பெட்டி பெட்டியாகச் சுருள்களைக் காட்டினார். "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. வழக்கம்போல பிள்ளைங்களுக்குக் குடுத்துடுங்க." அது எங்கள் பண்ணையின் பழைய வழக்கம். வேலை முடிந்த சுருளின் வெள்ளைப் பின்பக்கம் ஊர் மழலைப் பள்ளியில் படம் வரைய ஆகும். "இவ்வளவு சீக்கிரமாவா?" என்று அவள் கேட்கத்தான் செய்தாள். "நாலு வயசுப் பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க நோலீன்!" என்று சிரித்தார் அந்த மகானுபாவர். அவளே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனாள். வெளியேற்றும் பதிவேட்டில் அவளே கையெழுத்தும் போட்டாள்.

ஊசியால் மூச்சுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் பட்டியலில் கடைசியாக நோலீன் கிரிப்ஸ். தரை துடைக்க வந்தவள்! பாவ்லோவா கேக் செய்து கொட்டகையில் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள், முகமெல்லாம் பல். அன்று சாயங்காலம் உட்கார்ந்து கட்டுரையை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். வேலியோரம் வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"பதினெட்டு ஆடுன்னு போட்டிருக்காங்க நைரி. நான் எண்ணினது இருபத்திநாலு. ஆறு ஆடு கலங்கிடுச்சுன்னு எண்ணினவங்க குறிச்சதால விட்டுட்டாங்களாம். எண்ணினவ நான்தானே? நான் எங்கடி குறிச்சேன்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். "அவர்கிட்டயே கேளு" என்றேன். சீ!

கேட்டாள். "நீங்க போட்ட குறிதான் நோலீன். வயசாகுது, மறந்துபோயிருக்கும்" என்றாராம். அவள் அழவில்லை. நேரே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினாள். விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். டெஸ் அவர்கள் முன்னால் வருத்தமான முகத்தோடு, நல்ல பெண்மணி, கொஞ்சம் தடுமாற்றம், மூலச் சுருளையும் அவரே அனுப்பிவிட்டார், பாருங்கள் கையெழுத்து என்று பதிவேட்டை விரித்தார். காலை வாருவதிலும் என்ன மரியாதை பாருங்கள்! இரண்டு வாரத்துக்குள் ஆதாரம் காட்டாவிட்டால் நோலீனுக்கு வேலை இல்லை, கட்டுரை மாறாமல் நிற்கும், வசந்த காலத்தில் அந்த ஊசி ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் என்றார்கள்.

"வேலை போனா போகட்டும்" என்றாள் என்னிடம். "ஆனா என் பேரைப் போட்டு, அந்த ஊசியை ஒருத்திக்குக் குத்தி, உள்ள ஒண்ணு மூச்சை நிறுத்துச்சுன்னா? ஒரு சுருளாவது எந்த வீட்டுச் சுவத்துலயாவது தொங்கும். வா, தேடலாம்."

நான்தான் வண்டி ஓட்டினேன். வீடு வீடாக ஏறினோம். அவள் கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு இறங்குவாள், நான் கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு இறங்குவேன். பாதி அடுப்பெரிக்கப் போயிருந்தது. மீதியை நாய் தின்றது, மழை தின்றது. கிடைத்த ஒன்றிரண்டும் வேறு ஆட்டுச் சுருள். "என் பையன் வரைஞ்ச பன்னியைத் தேடி ஆராய்ச்சிப் பண்ணையே வருதா? விலை ஏத்திடுவேன் ஆமா!" என்று ஒருத்தி கிண்டலடித்தாள். நோலீனும் சிரித்தாள். வழியில் அவள் கட்டிக்கொண்டு வந்த சாண்ட்விச்சில் பெரிய துண்டை எனக்குத்தான் கொடுத்தாள். நான் அதைக் காகிதத்தில் சுற்றி வண்டியிலேயே வைத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள், ஒரு பால் பண்ணைக்காரர் வீட்டுத் துணி துவைக்கும் அறையில், சுவர் நீளத்துக்கு ஒரு சிவப்பு டிராக்டர். வீட்டுக்காரி ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். நோலீன் காகிதத்தைத் திருப்பி, துணி துவைக்கும் மெஷின் மேல் விரித்தாள். முப்பத்தொன்றாம் எண் ஆடு, அந்த ஆறில் ஒன்று. நேர்கோடு, நேர்கோடு, முழ நீளத்துக்கு நேர்கோடு. ஓரத்தில் பென்சிலில் அவளுடைய எழுத்து. அதன் பக்கத்தில் வரிசையாக என் நீலக் குறிகள்.

அவள் ஒரு குறியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம் என் ஏப்ரன் பையைப் பார்த்தாள். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தேன்.

"ஆடு கலங்குச்சா நைரி?"

"இல்ல."

"என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

"படுத்து அசை போட்டுட்டு இருந்துச்சு."

"நான் உன்கிட்ட வந்து சொன்னேனேடி. பயமா இருக்குன்னு உன்கிட்டதானே சொன்னேன்."

டெஸ் கேட்டார் என்றேன். அவர் கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது என்றேன். அவள் காகிதத்தைச் சுருட்டி என் கையில் வைத்தாள்.

"நீயே கொண்டுபோய்க் குடு. நான் குடுத்தா, நானே நீலத்துல கிறுக்கிக் கொண்டுவந்தேன்னு சொல்லுவாங்க."

வீடு வரை ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் கொடுத்தேன். சுருளை விரித்து, பக்கத்தில் என் மெழுகுக் கட்டியையும் வைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். ஊசி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. டெஸ் சொந்தக் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தேநீர் விருந்தெல்லாம் வாங்கிக்கொண்டு பெர்த் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். என்னை வெள்ளிக்கிழமையே அனுப்பினார்கள். சரிதான். நோலீன் இன்னும் ஆறு வருஷம் எண்ணினாள்.

தீர்ப்பு வந்த வாரத்துச் சனிக்கிழமை நான் பான்கேக் சுட்டேன். அவளுக்குப் பிடித்த மாதிரி ஓரம் முறுகலாக. வேலிக்கு மேல் நீட்டினேன். "தேங்க்ஸ் நைரி" என்று வாங்கிக்கொண்டாள். கோபம் ஒன்றும் இல்லை குரலில். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் தட்டு வேலிக் கம்பத்தின் மேல் இருந்தது. அவள் வீட்டு எலுமிச்சை மரம் அந்த வருஷம் கிளை தாங்காமல் காய்த்திருந்தது. தட்டை நன்றாகக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். அதில் ஒன்றும் இல்லை.