பின் சீட்டில் இரண்டு அரிசி மூட்டை

புது பைக்குக்கு முதல் சர்விஸ் முடிந்த நாளிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பாடசாலை விடுமுறை தொடங்கியதும், பெரஹரா ஊர்வலம் பார்க்க வரும் கூட்டம் எங்கள் கண்டியை நிறைப்பதற்குள், நானும் மனைவியும் கிளம்புவதாக ஏற்பாடு. முதலில் பருத்தித்துறை. அங்கிருந்து கிழக்குக் கரையோரமாக இறங்கி, தெற்கைச் சுற்றி வீடு. அவள் ஆசிரியை, நான் மாநகர சபையில் எழுத்தர். கல்யாணமான நாளிலிருந்து இருவர் மட்டும் இவ்வளவு தூரம் போனதில்லை. மண் பாதையிலும் ஓடும் உயரமான வண்டியாகப் பார்த்து வாங்கியதே இதற்காகத்தான்.

கெலிஓயாவில் நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் கராஜ்காரர் ஒருவர் பைக்குக்கு இரும்புச் சட்டம் அடித்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அலுமினியப் பெட்டிகளும் சீட்டுக்குப் பின்னால் உயரமாக ஒரு பெட்டியும் பொருத்தித் தந்தார். பின்பெட்டி என்னுடையது. காற்றடிக்கும் பம்ப், டியூப், கிளட்ச் கேபிள், ஸ்பேனர்கள் எல்லாவற்றையும் சத்தம் போடாதபடி பழைய துணியில் சுற்றி அடுக்கினேன். மூடியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாகவே ஒரு முழு மாலை போனது.

இருவர் பாரத்தில் வண்டி எப்படி ஓடும் என்று பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்கு அன்று பாடசாலை. எனவே பக்கத்துக் கடையில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டு வாங்கினேன். கராஜ்காரரும் நானும் அவற்றைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்துக் கட்டினோம். கடுகண்ணாவை மலைப்பாதை வளைவுகளில் ஏறி இறங்கினேன். பின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கியதும் வண்டி ரயில் மாதிரி நிதானமாகப் போனது. சந்தோஷத்தில் ஹெல்மட்டுக்குள் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மனைவி வாசலில் நின்று மூட்டைகளைப் பார்த்தாள். அவை அவளுக்குப் பதிலாக ஏற்றியவை என்று உண்மையைச் சொன்னேன்.

“அம்பது கிலோவா? என்னைய எந்தக் காலத்துல பார்த்தீங்க?”

சிரித்துக்கொண்டே மூட்டைகளை இறக்கினோம். அவள் ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு ஏற வந்தாள். இடது காலைக் கால்மிதியில் வைத்தாள். வலது காலைத் தூக்கினாள். முழங்கால் பின்பெட்டியில் இடித்தது. சாய்ந்து பார்த்தாள், திரும்பி நின்று பார்த்தாள். காலைக் கொண்டுபோக இடமே இல்லை. நான் உள்ளேயிருந்து ஒரு கதிரை கொண்டுவந்தேன். அதன் மேல் நின்றதும் சுலபமாக ஏறிவிட்டாள்.

“வழியில ஹபரணையில இறங்கினா கதிரைக்கு எங்கங்க போறது?” என்றாள்.

இறங்கி, ஹெல்மட்டைக் கழற்றிக் கதிரையில் வைத்தாள். “நீங்க பைக்ல போங்க. நான் யாழ்ப்பாணத்துக்கு ட்ரெயின்ல வந்துர்றேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. பின் சீட் காலியாக நான் தனியே பருத்தித்துறைக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்தேன். அந்தப் பயணமே வேண்டாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை நான் பைக்கிலும் அவள் பஸ்ஸிலுமாகக் கெலிஓயா போனோம். விஷயத்தைக் கேட்ட கராஜ்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்தார்.

“மூட்டைக்குக் கால் இல்லியே அண்ணன். அதான் நமக்கு வெளங்கல்ல.”

பின்பெட்டியை நாலு விரல் பின்னுக்குத் தள்ளலாம் என்றார். பாரம் பின்னால் போனால் ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகிவிடும் என்று நான் மறுத்தேன். அப்படியானால் கழற்றத்தான் வேண்டும் என்றார் அவர். இவ்வளவு சாமானை எங்கே வைப்பது என்று கேட்டேன். பதில் சொன்னது மனைவிதான்.

“நடுவழியில வண்டி நின்னா ஸ்பேனர் இறங்கித் தள்ளுமா? நானா, அதக் கழட்டுங்க.”

கழற்றினார். பம்ப்பும் டியூபும் கேபிளும் நாலைந்து ஸ்பேனரும் ஒரு பையில் அடங்கி எஞ்சினுக்கு முன்னாலிருந்த கம்பியில் ஏறின. மிச்சத்தை அவரிடமே விட்டுவிட்டேன். விட்டபோது நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை.

நான் ஏறி பிரேக்கைப் பிடித்துக்கொண்டேன். என் பாதங்களின் முன்பக்கம் மட்டுமே தரையில் படும். அவள் என் தோளைப் பிடித்து, கால்மிதியில் ஏறி நின்றாள். முழுப் பாரமும் இடப்பக்கம் வந்தது. வண்டி சரிந்தது, என் இடது கால் நடுங்கியது.

“ஆடாதீங்க,” என்றாள் காதருகே.

தாங்கிக்கொண்டேன். வலது கால் சீட்டுக்கு மேலாகத் தாண்டிப் போனது. வண்டி நிமிர்ந்தது. கராஜ்காரர் கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

நேராக மடுல்கெல்லையில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்கு வண்டியை விட்டோம். வத்தேகமை தாண்டியதும் சாலை மலையைச் சுற்றத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அவள் எனக்கு முன்பே சாய்ந்தாள். மூட்டை அப்படிச் சாய்ந்ததில்லை. தேயிலைக்கு நடுவே குழி விழுந்த பாதை வந்தபோது கால்மிதிகளில் எழுந்து நின்று, என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அக்கா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது வண்டி இறக்கத்தில் நின்றது. நான் தயார் என்று சொல்லுமுன்பே அவள் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“அடுத்த சனிக்கிழமை இந்நேரம் மாத்தளையத் தாண்டியிருப்போமில்ல?”

“மாத்தளை என்ன, தம்புள்ளையையே தாண்டியிருப்போம்,” என்றேன்.