ரிசர்வ் டேங்கில் கிடந்த கருகமணி

1. கயிற்றில் வந்த கார்

புரட்டாசியில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். செல்வராஜின் வெள்ளை டாக்ஸியை ஒரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தது. பாபநாசத்தில் ரேடியேட்டர் வேலைக்கென்று ஷெட் போட்டு எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எத்தனையோ வண்டிகள் கயிற்றில் வந்திருக்கின்றன. ஆனால் நான் சரி செய்து அனுப்பிய வண்டியே கயிற்றில் திரும்பி வந்தது அன்றைக்குத்தான்.

ஆவணியில் இதே வண்டி எஞ்சின் சூடாகிறது என்று முதலில் வந்தது. கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். பத்து நாளில் மறுபடி வந்தது. ரேடியேட்டரின் வெளிப்பக்கம் அடைத்திருந்த தூசியைக் கழுவி, ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்து, குறைந்திருந்த கூலன்ட்டை ஊற்றி, "இனிமே என்கிட்ட வராதே" என்று கிண்டலாகச் சொல்லி அனுப்பினேன். வந்துவிட்டான்.

அவன் பிழைப்பே அந்த ஒரு கார்தான். வாரத்தில் மூன்று நாள் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மாவை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் கூட்டிப்போய் வருவான். அவர் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அம்மாவுக்கு இங்கே இவன்தான். அன்று காலை அய்யம்பேட்டை தாண்டியதும் டெம்பரேச்சர் முள் எகிறிவிட்டது. வெயிலில் அந்த அம்மாவைச் சாலையோரம் உட்கார வைத்து, வேறு வண்டி பிடித்து அனுப்பிவிட்டு வந்திருந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. அவனுக்குப் பின்னாலேயே அவன் மனைவி மலர்விழி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"வெள்ளிக்கிழமை வண்டிய கும்பகோணம் புரோக்கர்கிட்ட விட்டுடறேன்ணே," என்றான் செல்வராஜ். "குவைத்துல டிரைவர் வேலைக்கு ஆள் கேக்கறாங்க. போயிடறேன்."

மலர்விழிக்கு வயிற்றில் ஐந்து மாதம். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. என்னவோ போல் ஆனால் எனக்குக் கோபம்தான் வரும். அது என் பிறவிக் குணம்.

2. நான் கேட்ட தப்பான கேள்வி

எஞ்சின் ஆறும் வரை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு முதல் வருடத்தில் வாங்கியது.

ஆறியபின் மூடியைத் திறந்தேன். ஊற்றும்போது நல்ல ரோஸ் நிறத்தில் இருந்த கூலன்ட் இப்போது வெளிறி, காபி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

டெல்டாக்காரர்களோடு எனக்கு இருக்கும் பழைய சண்டை இது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்கால், போர் செட், ஆறு. வண்டி சூடானால் பக்கத்து வயல் மோட்டாரில் ஒரு பக்கெட் பிடித்து ஊற்றிவிடுவார்கள். நெல்லுக்கு நல்ல தண்ணீர் எஞ்சினுக்கும் நல்லதுதானே என்பது அவர்கள் கட்சி. போர் தண்ணீரின் உப்பு எஞ்சினுக்குள் வெந்நீர்ப் பானையில் படிவது போலப் படிந்துவிடும். கூலன்ட்டின் வேலை சூட்டைக் குறைப்பது மட்டுமில்லை. உள்ளே துரு பிடிக்காமல் பார்ப்பது, கொதிநிலையை ஏற்றி வைப்பது, வாட்டர் பம்பைக் காப்பாற்றுவது எல்லாம் அதன் பொறுப்பு. கண்ட தண்ணீரைக் கலந்தால் அதன் சத்து போய்விடும்.

"தண்ணி ஊத்தினியா?" என்று கேட்டேன்.

இல்லை என்றான். மறுபடி கேட்டேன். மனைவி வயிற்றுப் பிள்ளை மேல் சத்தியம் பண்ணப் போனான். அதற்கு மேல் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பொய் சொல்கிறவன் வண்டியைத் தொடமாட்டேன் என்கிற அளவுக்குப் போய்விட்டேன். அவன் முகம் சுண்டிப் போனது. மலர்விழி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனாலும் கழற்ற ஆரம்பித்தேன். டீச்சரம்மாவுக்கு நாளை மறுநாள் மறுபடி டயாலிசிஸ்.

3. மணி

கூலன்ட்டை வடித்தபோது பாத்திரத்தின் அடியில் மஞ்சளாக ஏதோ படிந்தது. துரு என்று நினைத்து விரலில் எடுத்துத் தேய்த்தேன். துரு நறநறவென்று இருக்கும், விரலில் கறை பிடிக்கும். இது மெழுமெழுவென்று வழுக்கியது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு அது தெரியாதா? வண்டல்.

ரேடியேட்டருக்குள் ஆற்று வண்டல் எப்படி வரும்? ரேடியேட்டர் பக்கத்தில் மிச்சக் கூலன்ட் நிற்கும் வெள்ளை டப்பாவை, அதாவது ரிசர்வ் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்துக் குலுக்கினேன். டொக் டொக்கென்று ஏதோ உருண்டது. கம்பி விட்டு வெளியே எடுத்தேன். உள்ளங்கையில் சின்னதாக ஒரு கறுப்பு மணி.

கருகமணி. ஆடிப்பெருக்கு அன்று காதோலை, மஞ்சள், வளையலோடு காவேரிக்குப் படைப்பார்களே, அது. என் மனைவியும் வருடா வருடம் வாங்குகிறாள். அதை நான் ஆற்றில் பார்த்திருக்கிறேன், பூசைத் தட்டில் பார்த்திருக்கிறேன். காருக்குள் பார்த்தது அன்றுதான்.

மணியை மலர்விழியிடம் நீட்டி, ஆடிப்பெருக்குக்குக் காரையும் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவீர்களா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"மூணு வருசமா கொண்டுபோறோம்ணே. டயருக்கெல்லாம் மஞ்ச தடவி, பொட்டு வெச்சு, படையல் சொம்புல இருக்கற புதுத்தண்ணிய அந்த வெள்ள டப்பாவுல ஊத்துவேன். வண்டிக்கும் தாகம் இருக்கும்ல. ஒவ்வொரு வருசமும் ஒரு சொம்பு."

செல்வராஜ் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் டிக்கியில் இருந்து சித்ரான்னம் எடுத்துக்கொண்டிருப்பானாம்.

"அப்ப நான் அவன்கிட்ட தண்ணி ஊத்தினியான்னு கேட்டப்ப நீ ஏம்மா சொல்லல?"

"அது தண்ணி இல்லியேண்ணே. காவேரி."

அவள் பொய் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டவன் நான். முப்பது வருடமாக எல்லாரிடமும் அதே கேள்வியைக் கேட்டு, அதே மாதிரி கத்தியிருக்கிறேன்.

"நான்தான் வண்டியக் கெடுத்தேனா?" என்று மலர்விழி கேட்டாள். அவள் கேட்டது வண்டியைப் பற்றி மட்டுமில்லை என்பது எனக்குப் புரிந்தது. வண்டி போனால் புருஷன் குவைத். பிள்ளை பிறக்கும்போது அவன் பக்கத்தில் இருக்கமாட்டான்.

4. மூடி

ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவதற்கு டேங்கில் இடம் இருக்க வேண்டும். நல்ல வண்டியில் கூலன்ட் லேசில் குறையாது. இதில் வருடா வருடம் ஒரு சொம்பு இடம் எங்கிருந்து வந்தது? ரேடியேட்டர் மூடியை எடுத்து பிரஷர் டெஸ்டரில் மாட்டினேன். அழுத்தம் பிடிக்கவே இல்லை. உள்ளே ரப்பர் செத்துப்போயிருந்தது. அழுத்தம் நிற்காமல் கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாய்ப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

ஆவணியில் அந்த மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. டெஸ்டரில் மாட்டாமலே திருப்பி மூடினேன். டெஸ்டர் ஷெட்டில் மூன்றடி தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டி எடுக்கச் சோம்பல்.

இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்லக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

"நீ ஊத்தினது பாதிதாம்மா," என்றேன். "இந்த மூடியப் பாக்காம விட்டது நான். பார்த்திருந்தா ஆவணியிலயே டேங்கக் கழட்டியிருப்பேன். இவன் ரோட்டுல நின்னிருக்க மாட்டான். உன்ன விட என் தப்புதான் பெருசு."

செல்வராஜ் என்னையே பார்த்தான். திட்டியதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்தது. டீ வாங்கிவரப் போனான்.

நல்ல செய்தியும் இருந்தது. முள் ஏறியதும் அவன் உடனே எஞ்சினை நிறுத்தியிருக்கிறான். இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போயிருந்தால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்திருக்கும். சோதித்துப் பார்த்தேன், ஹெட் கேஸ்கட் நன்றாக இருந்தது. ரேடியேட்டருக்குள் அந்த மெல்லிய குழாய்கள் மட்டும் வண்டலும் மஞ்சள்தூளும் அடைத்துப் பாழாகியிருந்தன. புது ரேடியேட்டர் போட்டேன். எஞ்சினை ஃபிளஷ் பண்ணினேன், வெளியே வருகிற தண்ணீர் பளிங்காகும் வரை. கடைசித் தடவை டிஸ்டில்டு வாட்டர். பிறகு வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து, அதில் போட்டிருக்கும் வகைக் கூலன்ட்டை ஊற்றி, புது மூடி மாட்டி, உள்ளே சிக்கிய காற்று போகும் வரை எஞ்சினை ஓடவிட்டேன்.

வேலை பழக வரும் பிள்ளைகள் என்னிடம் பச்சை நல்லதா, ரோஸ் நல்லதா என்று கேட்பார்கள். நிறத்தை நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி ஒரே நிறத்தில் வேறு சரக்கு இருக்கும். புத்தகத்தில் என்ன வகை போட்டிருக்கிறதோ அதுதான். ரெண்டு வகையைக் கலந்தால் சிலது கூழாகக் கட்டிக்கொள்ளும்.

டயாலிசிஸ் நாளில் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். முன்னால் செல்வராஜும் நானும், பின்னால் டீச்சரம்மாவும் மலர்விழியும். நாலு பேரில் மூன்று பேர் வழியெல்லாம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தோம். அது பாதி வரை ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, அசையவில்லை.

"அதையே ஏன் மொறச்சுப் பாக்கறீங்க?" என்று டீச்சரம்மா கேட்டார். "வெளிய பாருங்க, நடவு ஆரம்பிச்சிட்டாங்க."

தஞ்சாவூர் வந்ததும் செல்வராஜ் ஓரமாகப் போய் கும்பகோணத்துக்குப் போன் போட்டான். வெள்ளிக்கிழமை வரவில்லை என்று சொன்னது எனக்குக் கேட்டது.

5. சீல் உடைக்காத கேன்

நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். இப்போதெல்லாம் யாரிடமும் தண்ணி ஊத்தினீங்களா என்று கேட்பதில்லை. வண்டியை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வீர்கள், யார் யார் தொடுவார்கள், நாள் கிழமைக்கு என்ன செய்வீர்கள் என்று பேச்சுக் கொடுக்கிறேன். டீ ஆறுவதற்குள் பாதி ரிப்பேர் தெரிந்துவிடுகிறது. மூடியை டெஸ்டரில் மாட்டாமல் எந்த வண்டியையும் விடுவதில்லை.

இந்த வருடம் ஆடிப் பதினெட்டு அன்று மத்தியானம், இடுப்பில் ஆறு மாதக் குழந்தையோடு மலர்விழி ஷெட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கூலன்ட் கேன். சீல் உடைக்கவில்லை. கேனின் நெற்றியில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் மல்லிகை. ஆற்றங்கரையில் படையலில் வைத்துவிட்டு நேரே கொண்டுவந்திருக்கிறாள்.

சிரித்துவிட்டேன். போன வருடம்தானே மாற்றினோம், இன்னும் ரெண்டு வருடம் தாங்கும், லெவல் குறைந்தால் மட்டும் ஊற்றினால் போதும் என்றேன். தெரியும் என்றாள். குறைந்தால் ஊற்றத்தான் வீட்டில் வைத்துக்கொள்கிறாளாம். புத்தகத்தைப் பார்த்து அதே வகையைத்தான் கேட்டு வாங்கியிருந்தாள். ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை என்று கேனைத் திருப்பிக் காட்டினாள்.

"இது டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊத்தறதாண்ணே, இல்ல கலந்தே வந்ததா?"

முப்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். குழந்தையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டு, கேனின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததை அவளுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன்.