அடுப்பு இருந்தால் வீடு

கல்யாணமான மூன்றாம் வருஷம் என் மனைவி அவனியாபுரத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை என்னோடு இல்லை, அடுப்போடு. விளாங்குடியில் எங்கள் கூட்டுக் குடும்பத்தில் ஐந்து மருமகள்களுக்கு ஒரே அடுப்பு. இளையவளான அவளுக்குக் கிடைத்தது ஊதாங்குழல் மட்டும்தான். கூப்பிடப் போன என்னிடம், “எனக்குன்னு ஒரு அடுப்புப் போட்டுட்டுச் சொல்லுங்க, வாரேன்” என்றாள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே நடுங்கியதற்குச் சில வருஷம் முந்திய காலம் அது. கீழமாசி வீதியில் எனக்கு ஒரு வத்தல் கடை. அதன் மேலே, மிளகாய் மூட்டை அடுக்க ஒரு மச்சு. முனிசிபாலிடிப் பதிவில் அதற்குப் பெயர் சரக்குக் கிட்டங்கி. அதை வீடாக்க மனுப் போட்டேன்.

ஓவர்சியர் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தார். மச்சில் ஏறியதும் நாலு தும்மல் தும்மிவிட்டு, “தெருப் பக்கம் சன்னல் வேணும் மொதலாளி” என்றார். வைத்தேன். அடுத்த தடவை ஆறு தும்மல். “கடைக்குள்ள ஏறி வீட்டுக்குப் போகக் கூடாது. தனிப் படி கட்டுங்க.” கட்டினேன். படி பாதி மச்சைத் தின்றுவிட்டது. மூன்றாம் தடவை புகைபோக்கி கேட்டார். அதுவும் ஆன பிறகு, கையைக் காலை நீட்டிப் படுத்தால் என் தலை சன்னலில் இடித்தது, கால் படியில் தொங்கியது. பெர்மிட் மட்டும் வந்தபாடில்லை.

“எப்பத்தான்யா இது வீடாகும்?” என்று எரிந்து விழுந்தேன்.

“பெர்மிட் வந்ததும். அதுவரைக்கும் கிட்டங்கிதான். சரக்கு வைக்கலாம், காவலுக்கு ஒரு ஆள் தங்கலாம். அடுப்பு மட்டும் ஆகாது. அடுப்பு இருந்தா வீடு. பெர்மிட் இல்லாத வீட்டை இடிச்சுப்புடுவோம்.”

வைகாசி முடிய நாலு நாள்தான் இருந்தது. ஆனியிலும் ஆடியிலும் யாரும் குடி போக மாட்டார்கள். தவறினால் ஆவணிதான். அதற்குள் அவள் வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெர்மிட்டாவது மண்ணாவது என்று அவனியாபுரம் போய், “அடுப்புப் போட்டாச்சு, வா” என்று கூசாமல் பொய் சொன்னேன்.

வைகாசியின் கடைசி முகூர்த்தத்தன்று காலையில் வந்தாள். வெறும் தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. கொண்டு வந்திருந்த மூட்டையை அவிழ்த்து ஓர் இரும்புக் கரியடுப்பை எடுத்து வைத்தாள்.

“ஒங்க பேச்ச நம்பி வெறுங்கையோட வருவேனாக்கும்?”

பால் பொங்கி வழியும்போது படியில் தும்மல் சத்தம் கேட்டது. அவரே வைக்கச் சொன்ன புகைபோக்கியில் புகை வருவதைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டு ஓவர்சியர் ஏறி வந்திருந்தார். இடித்தால் மச்சு மட்டுமா போகும்?

அவள் பதறாமல் ஒரு தம்ளர் பாலை நீட்டினாள். பால் காய்ச்சிய இடத்தில் பாலை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. விதிப் புத்தகக்காரரும் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, “அடுப்பு இருக்கே தாயி” என்றார்.

அவள் முந்தானையால் பிடித்து அடுப்பைத் தரையிலிருந்து தூக்கிக் காட்டினாள். “தூக்குனா கையோட வருது பாருங்க. இது சரக்கு.”

“அப்ப நீங்க?”

“காவலுக்கு ஒரு ஆள் தங்கலாமாமே. அது நாந்தேன்.”

“சரி, மொதலாளி?”

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “அவரு வெலை போகாத சரக்கு. நாந்தேன் பாத்துக்கிடணும்.”

ஓவர்சியர் தும்மலும் சிரிப்புமாகப் படியிறங்கிப் போனார். எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வத்தல் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆவணியில் பெர்மிட் வந்தது. அன்றைக்கே மண் குழைத்து அடுப்புப் போட்டாள். அதற்கப்புறமும் யாராவது என்னைத் தேடி மாடிக்கு வந்தால், “சரக்கு கீழ கடையில இருக்கு” என்றுதான் சொல்லி அனுப்புவாள்.