மாமனார் சொன்ன ‘வாரேன்’

என் மாமனாருக்கு மோகனூர் பக்கம் கோழிப்பண்ணை. வெயில் காலத்தில் கரண்ட் போனால் கொட்டகைக்குள் தண்ணீர் தூவும் ஃபாகர் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் கோழிகள் வாயைப் பிளக்கும், அப்புறம் சாகும். யாராவது ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டாக வேண்டும். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டும் மாப்பிள்ளையான என்னை ஊரே ஒரு மாதிரியாகப் பார்த்ததால், வீறாப்பாக ஒரு புரோகிராம் எழுதினேன். கரண்ட் போனால் அது மாமாவுக்குப் போன் போடும். அவர் சொல்லும் பதிலை என் திரையில் காட்டும்.

முதல் நாளே மானம் போனது. கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷனுக்கு, அதாவது புரோகிராமின் அந்தத் துண்டுக்கு, மாமாவைக் கூப்பிடும் வேலையையும் உள்ளீடாகக் கொடுத்திருந்தேன். அந்த அவசரக்குடுக்கை உள்ளீட்டை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்றதைப் பார்த்தது. கரண்ட் இருக்கும்போதே, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மாமாவுக்குப் போன் போனது.

“ஏனுங்க மாப்ள, கரண்டு இருக்குதுன்னு சொல்றதுக்கா இத்தன போனு?” என்றார் மாமா.

அதனால் அதைச் சோம்பேறி உள்ளீடாக மாற்றினேன். எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே அப்படித்தான். தேவைப்படும் வரை அசையாது. எனக்கு ரொம்பப் பிடித்த குணம். மறுநாள் காலையில் கரண்ட் போனது. திரையில் ‘வாரேன்’ என்று வந்தது. மாமாவும் வந்து ஜெனரேட்டரைப் போட்டார். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

மத்தியானம் மறுபடி போனது. உடனே ‘வாரேன்’. மாமாவின் சுறுசுறுப்பை மெச்சியபடி சோற்றில் கைவைத்தேன். என் மனைவி கூடத்துக் கட்டிலைக் காட்டினாள். மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், போன் அவர் நெஞ்சின் மேல் சமர்த்தாகப் படுத்திருந்தது.

சோம்பேறி உள்ளீடு ஒரே ஒருமுறைதான் உழைக்கும். அப்புறம் எத்தனை முறை கேட்டாலும் பழைய பதிலையே எடுத்து நீட்டும். திரையில் வந்தது மாமா காலையில் சொன்ன ‘வாரேன்’! சோற்றுக் கையோடு பண்ணைக்கு ஓடினேன். நல்லவேளை, கோழிகள் பிழைத்தன.

“நீங்க எழுதுனதுதானுங்க,” என்றாள் மனைவி. “உங்களாட்டமே வாரேன்னு ஒருக்கா சொல்லிப்போட்டு அங்கயே உக்காந்துக்குது.”

அன்று சாயங்காலமே, மாமாவைக் கூப்பிடும் வேலையை எந்த உள்ளீடும் கேட்காத தனி ஃபங்ஷனாக மாற்றினேன். கூப்பிடும்போதெல்லாம் முதலிலிருந்து வேலை செய்யும், பழைய பதிலைச் சொல்லி ஏமாற்றாது என்று மாமாவிடம் பெருமையாக விளக்கினேன்.

“அப்பிடிங்களா சாமி? அப்ப என்ற நம்பர எடுத்துப்போட்டு உங்க நம்பரப் போட்டுருங்க.”

இப்போதெல்லாம் கரண்ட் போனால் என் போன்தான் அடிக்கிறது. நான் ‘வாரேன்’ என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. அதனால் சொல்லாமலே ஓடுகிறேன்.