உட்கார்ந்தபடியே பதினைந்தாயிரம் அடி

விலிமைனா காலையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் கையை வைக்க மாட்டாள். முதலில் போனை நீட்டுவாள். அவித்த மீன் ஒரு துண்டு, தேங்காய்ப்பால் விடாத கீரை, உள்ளங்கை அளவு சேம்பு மாதிரியான டாலோக் கிழங்கு. படம் எடுத்தவுடன் நர்ஸ் போட்டுக் கொடுத்த ஆப்பில் ஒரு பச்சை இலை முளைக்கும். "பாரு அக்கா, இலை வந்துடுச்சு!" என்று எனக்கும் காட்டுவாள். அதோடு நிறுத்தினால் அவள் விலிமைனாவே இல்லை. டப்பாவை மூடுவதற்குள் எதிர் வரிசையிலிருந்து யாராவது "வா, சாப்பிடலாம்!" என்று கூப்பிடுவார்கள். எங்கள் சிங்கடோக்கா சந்தையில் அந்தக் குரலுக்கு மாட்டேன் என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. போவாள். எண்ணெயில் பொரித்த பாபகாவ் மாவுப் பணியாரம் மூன்று, நாலு கரண்டி சர்க்கரை போட்ட தேநீர் எல்லாம் முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்புவாள்.

"அதையும் படம் எடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"அது அவங்க தட்டு அக்கா. அடுத்தவங்க தட்டைப் போய்ப் படம் எடுப்பாங்களா? அசிங்கமா இருக்காது?"



அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது. டாலோக் கிழங்கு விற்கிறாள். பக்கத்து மேசையில் நான் மிளகாயும் பயற்றங்காயும் விற்கிறேன். பதினோரு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே குடைதான். விலை எழுதிய அட்டையை அவள் எப்போதும் குப்புறப் போட்டு வைத்திருப்பாள். "விலை தெரிஞ்சா ஜனங்க வாயைத் திறக்காம வாங்கிட்டுப் போயிடுவாங்க" என்பாள். குவியலுக்கு நாலு கிழங்கு என்பது சந்தைக் கணக்கு. அவள் கையில் அது ஐந்தாகும், ஆள் கொஞ்சம் வாடியிருந்தால் ஆறு. சிரித்தால் பஸ் நிலையம் வரை கேட்கும். காலையில் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தால், சாப்பிடக் கூப்பிட்டால் தவிர, சாயங்காலம்தான் எழுந்திருப்பாள்.

போன வருஷம் அவளுடைய அக்கா லூசியானாவுக்குச் சர்க்கரை நோயால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இந்த ஜனவரியில் விலிமைனா கண்ணாடிச் சில்லை மிதித்திருக்கிறாள், அவளுக்கே தெரியவில்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் கத்தினேன். காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் சுகாதார நிலையத்தில் ரத்தத்தைச் சோதித்தபோது மூன்று மாதச் சர்க்கரை பத்து என்று வந்தது. நர்ஸ் ரோஷ்னி அவள் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்து, தினம் ஆறாயிரம் அடி நடக்க வேண்டும், வெறுங்காலோடு எங்கும் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். மூன்று மாதத்தில் பத்து எட்டாக இறங்காவிட்டால் ஊசிதான். அன்றைக்கே கான்வாஸ் ஷூ வாங்கி மாட்டிக்கொண்டு வந்தவள், என் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். "என் காலும் போயிடுமா அக்கா? வீட்டுல ஒருத்தி ஜன்னலோரம் உக்காந்திருக்கிறது போதாதா?"

அப்புறம் பார்த்தால் ஆப்பில் எண் ஏறிக்கொண்டே போகிறது. எட்டாயிரம், பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம்! இவள் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

நடந்தவன் அவளுடைய மாமன் மகன் செமெசா. ஈர்க்குச்சி மாதிரி இருப்பான். அவன் போன் ஆற்றில் விழுந்து ஆறு மாதமாகிறது. காலை ஒன்பது மணிக்கு வந்து நின்று, "கெரேகெரே, போனைக் குடு" என்பான். சொந்தக்காரன் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டுவிட்டால் இல்லையென்று சொல்வது இங்கே மானக்கேடு. சட்டையைக் கேட்டாலும் கழற்றிக் கொடுக்க வேண்டியதுதான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலைத் தோட்டத்துக்குப் போவான், கிழங்கு சுமந்து இறங்குவான், மறுபடி ஏறுவான். வழியெல்லாம் பாட்டு. நாலு மணிக்குப் போன் அவள் மேசைக்குத் திரும்பும்.

"எருமை நடந்த கணக்கெல்லாம் எனக்கு வருது" என்று அவனைச் சீண்டுவாள்.

"உன்னைத் தூக்கிட்டு நடக்கிறதுக்குப் போனைத் தூக்கிட்டு நடக்கிறது எவ்வளவோ தேவலை" என்பான் அவன்.

மாமன் மகனும் அத்தை மகளும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள், யாரும் கோபப்பட மாட்டார்கள். நான்தான் ஒருநாள் பொறுக்காமல், "ஏண்டி, இது ஏமாத்து வேலை இல்லையா?" என்றேன். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "போன் எங்க வீட்டுது. நடக்கிற காலும் எங்க வீட்டுக் கால். இதுல யாரை அக்கா ஏமாத்துறேன்?" என்றாள். பொய் சொல்கிற முகமே இல்லை அது.

மே மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, செமெசா வருவதற்கு முன்னாலேயே, நர்ஸ் ரோஷ்னி கையில் பூமாலையோடு சந்தைக்கு வந்தாள். ஆப் போட்ட நாற்பது சந்தைப் பெண்களில் விலிமைனாதான் முதலிடம். எல்லோரும் கைதட்டினார்கள், இவள் எழுந்து நின்று ஒரு ஆட்டமே போட்டாள். ரோஷ்னியின் பையில் ரத்தச் சோதனைத் தாளும் இருந்தது. மாலையைப் போடுவதற்கு முன்னால் அதைப் பிரித்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"பதினொண்ணு. ஏறியிருக்குங்க."

"பதினைஞ்சாயிரம் நடந்தேனே?"

ரோஷ்னி போனை வாங்கி வரைபடத்தைத் திறந்தாள். "நேத்து ரெண்டு தடவை மலை ஏறியிருக்கீங்க. சனிக்கிழமை ரக்பி மைதானத்துல ஒரு மணி நேரம் ஓடியிருக்கீங்களா?"

"ஓயிலே! அது செமெசா" என்று விலிமைனா சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ரோஷ்னி சிரிக்கவில்லை.

"நடை உங்க வீட்டுதா இருக்கலாம். ரத்தம் உங்களுது மட்டும்தான். டாக்டர்கிட்டப் பேசி இன்னும் மூணு மாசம் வாங்கித் தர்றேன். அதுக்கு மேல என்னால முடியாது. உங்க கால் விரல் ஏற்கெனவே மரத்துப்போச்சு, மறந்துடாதீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. விலிமைனா மாலையை வாங்கி, கிழங்கு மூட்டையோடு அப்போதுதான் வந்து சேர்ந்த செமெசாவின் கழுத்தில் போட்டாள். "நடந்தவன் இவன்தான்" என்றாள். பிறகு பெட்டியில் போய் உட்கார்ந்தாள். எதிர் வரிசையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனாள், மறுப்பது எப்படி? ஆனால் கீரையை மட்டும் கிள்ளித் தின்றுவிட்டு, "போதும், வயிறு சரியில்லை" என்று எழுந்து வந்தாள். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் ஒன்பது மணி. செமெசா வந்து நின்றான். அவனுக்கும் சங்கடம்தான், காலால் தரையைத் தேய்த்தான். ஆனால் கிழங்கு ஏற்றும் லாரிக்காரனோடு பேச வேறு போன் இல்லை.

"கெரேகெரே" என்றான் மெதுவாக.

எதிர் வரிசை முழுக்க இவளையே பார்த்தது. இல்லையென்று சொன்னால் சந்தையில் தலைகாட்ட முடியாது, கொடுத்தால் கால் போய்விடும். குடுக்காதேடி என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

விலிமைனா போனை நீட்டினாள். அவன் வாங்கிப் பையில் போட்டான்.

"கடையைப் பாத்துக்கோ அக்கா" என்றாள் என்னிடம். மேசையைப் பிடித்து எழுந்தாள்.

"நீ எங்கே வர்றே? மலைடி அது" என்றான் செமெசா.

"போன் எங்கே போகுதோ அங்கே."

அவன் இரண்டு எட்டு வேகமாக வைத்தான். அவள் பின்னாலிருந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.