அரிசி டிரம்மில் ஒரு ஜீப்

என் மாமனார் என்னை "மாப்ள" என்று கூப்பிடுவதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் வீட்டுக்குப் போனால், நான் எதிரிலேயே இலை போட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் என் மனைவியைப் பார்த்து, "உன் வீட்டுக்காரருக்கு ரசம் வேணுமான்னு கேளும்மா" என்பார். நானும் அவளைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்பேன். ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு தூது அனுப்பிக்கொண்டிருந்தோம். நடுவில் மாட்டிக்கொண்ட என் மனைவிக்குச் சாதம் ஆறிப்போகும்.

காரணம் ஒரு ஜீப்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருடையது. பச்சை நிறத்தில் தார்ப்பாய்க் கூரை போட்ட ஜீப் ஒன்று வைத்திருந்தார். நாற்றுக்கட்டு, உரமூட்டை, நடவாட்களுக்குச் சாப்பாடு, கல்யாணத்துக்குக் கிளம்பிய சொந்தக்காரர்கள், எல்லாவற்றையும் அதன் பின்பக்கத்தில்தான் ஏற்றுவார். சில நாட்களில் எல்லாம் ஒன்றாகவே ஏறும். பிறகு அவருக்குக் கண்ணில் கோளாறு வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது, பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார் தஞ்சாவூர் டாக்டர். மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேர் எதிரே உள்ளது மட்டும் தெளிவாகத் தெரியுமாம். வண்டியைத் தொடவே கூடாது என்றும் சொன்னார். மாமா பணிவாகத் தலையாட்டிவிட்டு ஊருக்கு வந்து வண்டியை எடுத்தார். வாய்க்கால் மதகுச் சுவரில் மோதி முன்பக்க மட்கார்டை நெளித்தார். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மைத்துனன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கிருந்தபடியே, வண்டியை விற்றுவிட வேண்டியதுதான் என்று போனில் தீர்ப்புச் சொன்னான். தீர்ப்பை நிறைவேற்ற உள்ளூரில் ஓர் ஆள் வேண்டுமே. மன்னார்குடிப் பக்கம் ஒருவர் வாங்கிக்கொள்ள, ஜீப்பை அவரிடம் கொண்டுபோய் விடும் வேலை என் தலையில் விழுந்தது.

அன்று காலை மாமா ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். "லைட்டப் பார்த்தா சக்கரம் தெரியல. சக்கரத்தப் பார்த்தா லைட் தெரியல" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் கொட்டகையிலிருந்து ரிவர்ஸ் எடுத்தேன். எடுக்க முயன்றேன் என்று சொல்வதுதான் நியாயம். டிரைவிங் ஸ்கூலுக்குப் பிறகு நான் ஓட்டியது ஸ்கூட்டர் மட்டும்தான். கியர் கறகறவென்று அலறியது, வண்டி அணைந்தது. திரும்ப அலறியது, திரும்ப அணைந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். அதோடு "மாப்ள" போயிற்று.

"வித்ததுல அப்பாவுக்குக் கோவமில்லங்க" என்றாள் மனைவி. "நீங்க கியரப் போட்டுக் கடிச்சீங்க பாருங்க, அதான்."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவரை எனக்குப் பிடிக்கும். என் பொழுதுபோக்கைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். சிரிக்கும்படிதான் அது இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வந்தால் பிளாஸ்டிக் கார் மாடல் கட்டுபவன். பெட்டிக்குள் சட்டத்தோடு சட்டமாகப் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, பிசிறு தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து அசல் காரைப்போலக் கொண்டுவர வேண்டும். நான் செய்வது இருபத்துநாலில் ஒன்று அளவு. அதாவது அசல் வண்டியில் இரண்டு அடி இருந்தால் மாடலில் ஓர் அங்குலம்.

இதற்கென்றே விற்கிற நல்ல கருவிகள் உண்டு என்று எனக்குத் தெரியும். நான் ஆரம்பித்தது நகவெட்டியில். பிசிறு தேய்க்க மனைவியின் நகம் தேய்க்கும் அட்டை, துளை போடப் புடவைப் பின், ஒட்டியது காயும்வரை கவ்விப் பிடிக்கத் துணிக் கிளிப். என் முதல் காருக்குக் கண்ணாடியை சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன். அதன் ஆவி பட்டுக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் படிந்துவிட்டது. மார்கழிப் பனியில் நிற்கிற கார் என்று வந்தவர்களிடம் சமாளித்தேன். இரண்டாவது காரில் என் கட்டைவிரல் ரேகை இன்றைக்கும் தெளிவாக இருக்கிறது. இந்தத் தகுதிகளோடுதான், "மாமாவோட ஜீப்ப அச்சு அசலா செஞ்சு தீபாவளிக்குக் குடுக்கப் போறேன்" என்று அறிவித்தேன்.

"மிக்ஸி மூடி உடைஞ்சு கிடக்கு. அத ஒட்டுங்க முதல்ல" என்றாள் மனைவி.

கடையில் மாடல் பெட்டியாகக் கிடைத்தது வெளிநாட்டு ராணுவ ஜீப். அதை ஒரத்தநாட்டு ஜீப்பாக்க வேண்டும். அளவெடுக்க டேப்போடு மன்னார்குடிக்குப் போனேன். புதுச் சொந்தக்காரர் நான் வண்டியைத் திரும்பக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து முதலில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. பொம்மை செய்ய அளவு வேண்டும் என்றதும் இன்னும் பயந்துபோய், "எடுத்துக்குங்க சார்" என்று தள்ளி நின்றுகொண்டார்.

முதல் சிக்கல் ஸ்டீரிங். ராணுவ ஜீப்பில் அது இடப்பக்கம் இருந்தது. டாஷ்போர்டை ரம்பக் கத்தியால் அறுத்தெடுத்து, ஸ்டீரிங்கையும் மிதிகளையும் வலப்பக்கம் மாற்றி, இடைவெளியில் பிளாஸ்டிக் துண்டு வைத்து, புட்டி பூசி, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். கிளட்ச் மிதி வெந்தயம் அளவுகூட இல்லை. இடுக்கியால் பிடித்தபோது டிக்கென்று தெறித்துப் பறந்தது. நானும் மனைவியும் தரையில் கன்னத்தை வைத்து டார்ச் அடித்துத் தேடினோம். கிடைக்கவே இல்லை. ஊதுவத்திக் குச்சியைச் சீவிப் புதிதாக ஒன்று செய்தேன். என் வாழ்க்கையில் கிளட்ச் ஒழுங்காக அமையாது போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

கூரைக்குக் காகிதக் கைக்குட்டை. தண்ணீர் கலந்த பசையில் அதை நனைத்துக் கம்பிச் சட்டத்தின் மேல் போர்த்திவிட்டால், காய்ந்ததும் தார்ப்பாயின் சுருக்கம் அப்படியே வந்துவிடும். அது மட்டும் முதல் தடவையிலேயே நன்றாக வந்தது. நான் கர்வப்பட்டுப் போனேன். அதன் பிறகு நடந்ததற்கெல்லாம் அந்தக் கர்வம்தான் காரணம் என்று சந்தேகப்படுகிறேன்.

மதகில் இடித்த நெளிவை மாடலில் வைப்பதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். பிளாஸ்டிக்கை உள்பக்கமாகச் சுரண்டி மெல்லிசாக்கி, லேசாகச் சூடு காட்டி அழுத்தினால் தகரம் நெளிந்ததுபோலவே வரும். எனக்கு அந்த வித்தை தெரியும். ஆனால் மாமாவுக்கு எதற்கு அதை ஞாபகப்படுத்த வேண்டும்? பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.

பெயின்ட் அடிக்கும் நேரம் பார்த்து ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. டெல்டாவில் அந்த மாதம் உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், துவைத்த சட்டை தோளில் போட்ட பிறகுதான் காயும். ஈரக்காற்றில் பெயின்ட் அடித்தால் மேலே பால் படிந்ததுபோல வெளுத்துப்போகும். இது எனக்குத் தெரியாததல்ல. மற்றவர்களுக்கு எச்சரிக்கை சொல்லும் அளவுக்குத் தெரியும். ஆனால் தீபாவளி மழைக்காகத் தள்ளிப்போகாதே. கதவு ஜன்னலைச் சாத்தி, மனைவியின் ஹேர் டிரையரைக் காட்டிக்காட்டிப் பச்சை அடித்தேன். பளபளவென்று வந்தது. வெளுக்கவில்லை. இனி ஈரம் ஏறாமல் காய வேண்டும், அவ்வளவுதான்.

ஈரத்தை எது உறிஞ்சும்? நெல் விளைகிற ஊர்க்காரனுக்கு இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். போன வருஷம் மனைவியின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தபோது அரிசி டிரம்மில் புதைத்துத்தானே பிழைக்க வைத்தோம். பெயின்ட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. மாமா வீட்டிலிருந்து வந்த புது அரிசியில் குழி தோண்டி, ஜீப்பின் உடலை மெல்ல இறக்கி, மேலேயும் நன்றாக அரிசியைப் போட்டு மூடினேன். கணக்கு வாத்தியார் மூளை எவ்வளவு சாமர்த்தியமானது என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.

மேலே காய்ந்த பெயின்ட் அடியில் மாவாகத்தான் இருக்கும். அதன்மேல் பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். சாயங்காலம் அளவுப்படியை எடுத்துக்கொண்டு அரிசி அளக்கப் போன மனைவி, "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்" என்றாள். அவள் குரலில் இருந்த சாந்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

பானெட் முழுக்க அரிசி. தட்டினால் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் எல்லாம் அரிசி படுத்திருந்த பள்ளம், நெட்டாகவும் குறுக்காகவும். கதவோரத்தில் இன்னும் மோசம். மாமா போட்ட ஒரே ஒரு நெளிவை இரக்கப்பட்டு விட்டுவிட்டு, நான் போட்ட நெளிவுகளை எண்ண முடியாமல் நின்றேன். எனக்கு அழுகை வந்தது, நிஜமாகவே. மனைவி பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பெயின்ட்டை முழுக்கக் கழுவி எடுத்துத் திரும்ப அடிக்க நாளில்லை. உப்புத்தாளால் தேய்த்தேன். மேடு தேய்ந்து பிளாஸ்டிக் தெரிந்ததே தவிர பள்ளம் போகவில்லை. சரி, சேறு பூசி மறைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வகுப்பில் மிஞ்சிய பழுப்புச் சாக்பீஸைக் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கி, பிரஷ்ஷால் தடவினால் வயல்புழுதி கச்சிதமாக வரும். தடவினேன். பொடி முழுவதும் போய்ப் பள்ளங்களில் இறங்கிக்கொண்டது. அதுவரை உற்றுப் பார்த்தால் தெரிந்த அரிசித் தடங்கள், இப்போது வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்தன. மாடல் கட்டுகிறவர்கள் பள்ளத்தை எடுத்துக் காட்டுவதற்காகவே செய்கிற வேலை அது. என் கையாலேயே அதைச் செய்து முடித்தேன்.

"குடுக்க வேண்டாம். கடையில வேட்டி வாங்கிடலாம்" என்றேன்.

"வேட்டியும் எடுத்தாச்சு, இதையும் குடுக்கறோம்" என்றாள் மனைவி. "அப்பா திட்டினாக்கூட உங்களைப் பார்த்துத்தானே திட்டணும். பேச்சாவது வரும்."

தீபாவளியன்று காலை, மாமா வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பலகாரம் தின்று முடித்த பிறகு, பெட்டியை மாமாவின் மடியில் வைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பிரித்தார். ஜீப்பைக் கையில் எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பானெட்டை மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"என்னம்மா இது?" என்று மகளைக் கேட்டார். "வண்டிக்கு அம்மை போட்டிருக்கு?"

அவள் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பதில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பெயின்ட் காயறதுக்கு அரிசியில வெச்சேன் மாமா. அமுங்கிப் போச்சு."

"எந்த அரிசி?"

"நீங்க அனுப்பிச்சதுதான் மாமா."

அவர் திரும்பவும் பானெட்டைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமில்லாமல் ஆரம்பித்த சிரிப்பு இருமலில் போய் நின்றது. "நம்ம வயல் அரிசியா? அப்ப இருந்துட்டுப் போவட்டும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று சரியாகத் தெரியவில்லை. நான் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜீப்பைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தார். பக்கத்தில் கொண்டுவந்தார், மறுபடியும் தள்ளிப் பிடித்தார். நான் வேறு ஏதோ தப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். கிளட்ச் மிதி ஊதுவத்திக் குச்சி என்று தெரிந்துவிட்டதோ?

"மாப்ள" என்றார்.

"சொல்லுங்க மாமா."

"இதக் கொஞ்சம் புடிச்சிக்கிட்டுத் தள்ளி நில்லுங்க."

வாங்கிக்கொண்டு தள்ளி நின்றேன். இன்னும் தள்ளி என்று கையைக் காட்டினார். நின்றேன். ஜீப்பின் பக்கவாட்டை அவர் பக்கம் திருப்பி, உள்ளங்கையில் வைத்து, அவர் கண்மட்டத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"லைட்டும் தெரியுது, பின்சக்கரமும் தெரியுது" என்றார் மாமா. "முழு வண்டியும் தெரியுது மாப்ள."

மனைவி சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். எஞ்சினுக்குள் தலைமுடி தடிமனில் ஒயர் இழுத்ததும், விளக்குக்குள் வெள்ளிப் பூச்சு வைத்ததும் பெருமை என்று நினைத்திருந்தேன். அந்த வண்டியில் பிரயோஜனப்பட்டது ஒன்றே ஒன்றுதான், அது சின்னதாக இருந்தது. அதைச் செய்தவன் நான் அல்ல, பெட்டியிலேயே அப்படித்தான் வந்தது.

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படியே பின்னாடி எடுங்க பார்ப்போம். அவசரமில்ல. கிளட்ச்ச முழுசா மிதிச்சுட்டுக் கியரப் போடணும், தெரியுதா?"

"சரி மாமா" என்றேன். ஜீப்பைக் கையில் ஏந்திக்கொண்டு, இடது காலைத் தரையில் நன்றாக ஊன்றி அழுத்தினேன். பிறகு சத்தம் வராமல், கூடத்துக் கதவை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்தேன்.