மடுவுக்கு உருட்டிக்கொண்டு போன சைக்கிள்

எனக்குத் தொய்வு எதனால் விட்டது என்று கேட்டால் இன்றைக்கும் நேராக ஒரு பதில் சொல்லத் தெரியாது. எந்தக் கடிதம் எந்தப் பைலுக்குள் போகவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய கந்தோர்க் கிளாக்கர் நான். என் நெஞ்சு விஷயத்தில் மட்டும் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது.

சின்ன வயதிலிருந்தே எனக்குத் தொய்வு என்கிற அந்த மூச்சிழுப்பு. கச்சான் காற்று தொடங்கி மணலை வாரி முகத்தில் அடிக்கிற மாதங்களில் நெஞ்சுக்குள் விசில் ஊதும். படுக்க முடியாமல் கதிரையில் இருந்தபடியே மூச்சுக்கு அலைவேன். எங்கள் ஊர் பள்ளிமுனையில் என் வயதுக்காரர் வள்ளம் தள்ளியபோது நான் கரையில் நின்று பார்த்தவன். கடல் எனக்குச் சரிவராது என்றுதான் அம்மா என்னைப் படிக்கவைத்து வெள்ளைக்காரனின் கந்தோரில் ஏற்றிவிட்டார். அங்கேயும் விட்டார்களா? வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் வைத்தியப் பரிசோதனையில் தேறவேண்டும் என்று கடிதம் வந்தது.

ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி ஐயா என் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"சைக்கிள் ஓடத் தெரியுமோ?"

"தெரியும் ஐயா. நாலு மிதி மிதிச்சா மூச்சு அடைச்சுப்போடும்."

"அப்ப மூண்டு மிதி மிதியும். அடுத்த கிழமை நாலு. காலமையில, மெல்ல மெல்ல. ஒரு நாளும் விடக்கூடாது. நெஞ்சு தானா விரியும்."

மூச்சுக்கு இழுக்கிறவனைப் போய் மிதிக்கச் சொல்கிறாரே, இந்த மனிதருக்கு என்ன பிடித்தது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனாலும் மாற்றலாகிப் போன ரயில்வேக்காரர் ஒருவர் விற்ற பழைய சைக்கிளை வாங்கினேன்.

முதல் நாள் கோயிலடிக்குப் போவதற்குள் இறங்கிவிட்டேன். வழியில் படுத்திருந்த கழுதைகள்கூட என்னைக் கண்டு எழும்பவில்லை. மூன்றாம் மாதம் பட்டணத்தைத் தாண்டினேன். ஆறாம் மாதம் தாழ்வுபாடு வரைக்கும் போய், எதிர்க்காற்றில் இறங்காமல் திரும்பி வந்தேன். நன்றாகப் பசித்தது. படுத்தவுடன் நித்திரை வந்தது. அடுத்த கச்சானும் வந்து மணலை அள்ளி வீசியது. என் நெஞ்சு வாயே திறக்கவில்லை. டொக்டர் கையெழுத்துப் போட்டார், வேலை நிரந்தரமாயிற்று.

அப்போதிக்கரி ஐயாவைக் கேட்டால், எல்லாம் சைக்கிள் செய்த வேலை என்றார். அம்மாவைக் கேட்டால் மடுக் கோயில் மாதா.

"நீ சைக்கிள் வாங்கின அண்டைக்கே நான் நேர்ந்துபோட்டன் தம்பி. தொய்வு விட்டா ஆடித் திருவிழாவுக்கு உன்னை நடக்கவைச்சுக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு."

இரண்டும் ஒரே நாளில் தொடங்கியிருந்தால் எதை நம்புவது? எனக்குத் தலை சுற்றியது. மடுவுக்கு இரண்டு நாள் நடை. இரண்டு நாள் சைக்கிளை விட்டால் தொய்வு திரும்பிவிடுமோ என்று பயம். ஏறி ஓடினால் நேர்த்திக்கடன் தவறிவிடும். கடைசியில் யாரையும் பகைக்காமல் ஒரு வழி கண்டுபிடித்தேன்: போகும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பது, வரும்போது ஏறி ஓடுவது. திரும்பி வருவதைப் பற்றி நேர்த்தியில் ஒன்றும் சொல்லவில்லை அல்லவா?

நானும் அம்மாவும் தீவைவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் பெரிய கரையில் ஏறியதிலிருந்து வழியில் கண்டவர்களெல்லாம் கேள்விதான்.

"என்ன தம்பி, ரயர் காத்துப் போட்டுதோ?"

"இல்லை, காத்து நிறைய இருக்கு."

"பிறகேன் உருட்டுறீர்?"

"நேர்த்தி."

"சைக்கிளுக்கோ?"

எனக்கே சரியாகத் தெரியாததை வழியில் வந்தவர்களுக்கு எப்படி விளக்குவது? செபமாலை சொல்வதுபோல் வாயை அசைத்துக்கொண்டு நடந்தேன்.

இரண்டாம் நாள் காட்டுப் பாதையில் போகும்போது மெல்லிய விசில் ஒன்று கேட்டது. ரயர் என்று நினைத்து நின்று அமுக்கிப் பார்த்தேன், கல்லுப்போல் இருந்தது. அப்படியானால் நான்தான். மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்தேன். நான் மூச்சு விடவில்லை, விசில் நிற்கவும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அம்மா பாலை மரத்தைப் பிடித்தபடி, தோள் இரண்டையும் உயர்த்திக்கொண்டு நின்றார். நான் எத்தனையோ கச்சானில் நின்ற அதே நிலை.

"எவ்வளவு நாளா அம்மா?"

"போன கச்சானிலயிருந்து."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல என்ன கிடக்கு? கேட்டதைத்தானே தந்திருக்கிறா. பிள்ளைக்கு வேண்டாம், அதை எனக்குத் தாங்கோ எண்டு மாதாவிட்டக் கேட்டனான்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மாவோடா, மாதாவோடா, சைக்கிளோடா என்றுதான் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு அப்போதிக்கரி ஐயா அது அடுப்புப் புகையும் வயதும் செய்கிற வேலை என்றார். இருக்கலாம். ஆனால் அந்தப் புகையில் முப்பது வருடம் சமைத்தவர் அதுவரை ஒரு தடவை இருமி நான் கேட்டதில்லை.

"ஏறுங்கோ" என்று சைக்கிளின் பின் கரியரைத் தட்டினேன்.

"நடந்தெல்லோ போகவேணும்."

"நடக்கிறதா நேர்ந்தது என்னை. உங்களை இல்லை."

அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி இருந்தார். மீதி வழி முழுவதும் அவரை வைத்து உருட்டினேன். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கோயிலில் முழங்காலில் நின்றேன். அம்மாவின் தொய்வை எடுத்துவிடு தாயே என்று கேட்க வாயெடுத்தேன். எடுத்தால் அது எங்கே போகும்? அம்மாவைப்போல் கேட்பதென்றால், எனக்கே திரும்பித் தா என்றுதான் கேட்கவேண்டும். இவ்வளவு நாள் மிதித்து விரித்த நெஞ்சுக்குள் அந்த ஒரு சொல் வரவில்லை. அம்மா யோசிக்காமல் கேட்டதை நான் யோசித்து யோசித்துக் கேட்காமலே எழும்பினேன். எனக்கு வெட்கமாக இருந்தது; இன்றும் இருக்கிறது.

ஊருக்கு வந்தபின் காலையில் சைக்கிள் எடுக்கும்போது அம்மாவையும் கரியரில் ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினேன். அப்போதிக்கரி ஐயா கேட்டுச் சிரித்தார். மிதிக்கிறவனுக்குத்தான் பலன், பின்னால் இருக்கிறவருக்கு இல்லை என்றார். அது எனக்கும் தெரியும்.

தாழ்வுபாட்டு வழியில் கடற்காற்று வந்து மோதும். அம்மா என் சட்டையைப் பிடித்தபடி, "நல்லா இருக்குது தம்பி, இப்ப எவ்வளவோ சுகம்" என்பார். முதுகுக்குப் பின்னால் அந்த விசில் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் இன்னும் உரமாக மிதிப்பேன்.